என்ஜினுக்குள்ள போல்ட்டைப் போட்டுட்டு "ஆயிலோட வந்துடும்ணே"ன்னு கிக்கர் அடிக்காதீங்கய்யா!

ஸ்பிளெண்டர்ல டைமிங் செயின் (வால்வைத் திறந்து மூடற கேமை ஓட்டற செயின்) மாத்தும்போது கேம் ஸ்ப்ராக்கெட் (கேமோட பல்சக்கரம்) போல்ட் கை நழுவி உள்ள போயிடுது. கையெல்லாம் ஆயில், போல்ட்டோ சின்னது, நழுவத்தான் செய்யும். அதுக்கு யாரையும் குத்தம் சொல்ல முடியாது. அடுத்த நிமிஷம் நடக்குறதுதான் வயித்தெரிச்சல். டப்பாவுல இருந்து வேற போல்ட் ஒண்ணை எடுத்து மாட்டி, கவரை மூடிட்டு, "அது கீழதாண்ணே கிடக்கும், அடுத்த தடவை ஆயில் மாத்தும்போது வந்துடும், ஒண்ணும் ஆகாது"ன்னு சாவியைக் கையில குடுத்துடுறாங்க. பாதி இடத்துல அந்தப் பேச்சுகூடக் கிடையாது. வாயைத் திறக்காம பில்லு போட்டுடுறாங்க.

வராதுய்யா! எப்படி வரும்? ஆயில் இறக்கற ட்ரெயின் நட்டைக் கழட்டுனா இருக்கறது 12 மி.மீ. ஓட்டை. கேஸிங் (என்ஜினோட வெளிக்கூடு) அடிப்பக்கம் வழவழன்னு ஓட்டையைப் பாத்துச் சரிஞ்சா இருக்கு? உள்ள பூரா வரப்பு, பள்ளம், மூலை. போல்ட் ஒரு வரப்புல சாஞ்சு படுத்துடுச்சுன்னா ஆயில் அதைச் சுத்திக்கிட்டு ஓடி வந்துடும், போல்ட் அங்கயேதான் கிடக்கும். அப்புறம் வண்டி ஓடும்போது குலுங்குற குலுக்கல்ல இடம் மாறும். என்னைக்கு எங்க போய் நிக்கும்னு யாருக்கும் தெரியாது. கியர் பல்லுக்கு நடுவுல போனா பல்லு பேந்துடும். கியருக்கும் கேஸிங்குக்கும் நடுவுல மாட்டுனா அலுமினியக் கேஸிங் உடைஞ்சே போகும், ஆயில் ரோட்டுல ஊத்தும், பின்சக்கரம் லாக் ஆகும். ஓடற வண்டியில பின்சக்கரம் லாக் ஆனா என்ன ஆகும்னு ரெண்டு சக்கர வண்டி ஓட்டுற எல்லாருக்கும் தெரியும். டைமிங் செயினுக்கும் கீழ் ஸ்ப்ராக்கெட்டுக்கும் இடையில ஏறுச்சுன்னா செயின் பல்லு தாண்டும், நிறையத் தாண்டுனா வால்வு போய் பிஸ்டன்ல மோதி வளையும். ஒரு போல்ட்டை எடுக்கச் சோம்பல்பட்டதுக்கு ஹெட் (போருக்கு மேல் மூடி) வேலை, போர் (பிஸ்டன் ஓடற சிலிண்டர்) வேலை, கேஸிங் எல்லாம் வண்டிக்காரன் தலையில விழும்.

விழுந்த சத்தம் கேட்ட நொடியில கையை எடுங்க. இதுதான் முதல் வேலை. கிக்கர் அடிக்காதீங்க, செல்ஃப் தொடாதீங்க. கியர்ல போட்டு வண்டியைத் தள்ளாதீங்க, அதுவும் பிஸ்டனோட இணைஞ்ச கிராங்க்கைச் சுத்தும். நியூட்ரல்ல வெச்சு, சாவியை எடுத்துப் பையில போட்டுக்கோங்க. பக்கத்துல நிக்கற பையன் "ஒரு கிக் அடிச்சா நகர்ந்து வெளிய வரும்ணே"ன்னு சொல்லுவான். வராது. வசதியா எடுக்கற இடத்துல கிடந்தது, கிராங்க்கோட கனமான தட்டுக்கும் (வெப்) கேஸிங்குக்கும் நடுவுல இருக்கற சந்துல போய் இறுகும். மேல இருந்து காந்தம் விட்டு எடுத்திருக்க வேண்டிய சாமானுக்கு என்ஜினை இறக்கிக் கேஸிங்கைப் பிளக்கற நிலைமை பெரும்பாலும் இந்த ஒரு கிக்காலதான் வருது.

அடுத்தது, விழுந்தது என்னன்னு உறுதி பண்ணுங்க. அதோட ஜோடி கையில இருக்கும், அதுல காந்தம் வெச்சுப் பாருங்க. ஒட்டுனா பாதிக் கவலை தீர்ந்துது. செம்பு வாஷர், அலுமினிய வாஷர், ரப்பர் ஓ-ரிங் எல்லாம் ஒட்டாது. அதுக்குக் காந்தத்தை விட்டு மணிக்கணக்காத் துழாவறது வெட்டி வேலை. கம்பி முனையில கெட்டியான கிரீஸ் உருண்டை வெச்சு ஒத்தி எடுக்கணும், இல்லன்னா நாலு விரல் கிளா (கவ்வற கம்பி) போட்டுக் கவ்வணும்.

ஸ்பிளெண்டர் மாதிரி போர் படுத்த வாக்குல இருக்கற என்ஜின்ல ஒரு நல்லது இருக்கு. செயின் போற சுரங்கமும் படுத்தாப்பலதான் இருக்கும், விழுந்த போல்ட் உடனே அடிக்குப் போகாது. பல நேரம் சுரங்கத்துலயே கிடக்கும். அப்ப வண்டியை ஆட்டக் கூடாது, முன்பக்கத்தைத் தூக்கக் கூடாது. தூக்குனா கிராங்க் சுத்தற கிரங்க்கேஸுக்குள்ள உருண்டுடும். முன்சக்கரம் தாழ்ந்தும் பின்பக்கம் உசந்தும் இருக்கற மாதிரி நிறுத்தி, இடதுபக்கம் லேசாச் சாய்ச்சுப் பிடிங்க. செயின் சுரங்கம் இடதுபக்கம்தான், அங்க ரவுண்டு கவர் திறந்துதான் இருக்கு. டார்ச்சு அடிச்சா பாதி நேரம் கண்ணுலயே தெரியும். போர் நட்டுக்குத்தா நிக்கற வண்டிகள்ல இந்தச் சலுகை கிடையாது, நேரா அடிக்குத்தான் போகும். பழைய என்ஜின் புல்லட்ல (2023க்கு முந்தினது) டைமிங் செயின் கிடையாது, புஷ்ராட் (ராக்கரைத் தள்ளற குச்சி) வழி. ராக்கர் (வால்வை அமுக்கற கை) பக்கம் விழுந்த நட்டு அந்த வழியா இறங்கி வலதுபக்க டைமிங் கவருக்குள்ள போய்ச் சேரும், அந்தக் கவரைத்தான் முதல்ல திறக்கணும்.

காந்தம் விடறதுலயும் ஒரு முறை இருக்கு. நீட்டி மடக்கற ரேடியோ ஏரியல் மாதிரி காந்தக் குச்சி டூல்ஸ் கடையில சல்லிசாக் கிடைக்குது. அது இல்லாத பட்டறையை என்னன்னு சொல்றது! அதை அப்படியே சுரங்கத்துக்குள்ள விட்டா செயின்ல போய் ஒட்டிக்கும், போர் ஸ்லீவ்ல ஒட்டிக்கும், விழுந்த சாமானைத் தவிர எல்லாத்துலயும் ஒட்டும். பக்கவாட்டுல பிளாஸ்டிக் ட்யூப் மாட்டி, முனை மட்டும் தெரியற மாதிரி வெச்சு விடுங்க. அப்ப முனை மட்டும்தான் இழுக்கும். பழைய ஹார்ட் டிஸ்க் காந்தத்தைக் கம்பியில பசை போட்டு ஒட்டி உள்ள விடற வித்தையும் நடக்குது. சூடான என்ஜின்ல பசை இளகி அந்தக் காந்தமே உள்ள விழுந்து, கேஸுக்குள்ள இரும்புல போய் ஒட்டிக்கிட்டா, அதை எடுக்க எதை விடுவீங்க? செம்புக் கம்பியால இறுக்கிக் கட்டுங்க, என்ஜின் ஆறட்டும், அப்புறம் விடுங்க. போன்ல மாட்டற 5.5 மி.மீ. கேமரா வயர் இப்ப எல்லா ஊர்லயும் வந்துடுச்சு. ஸ்பிளெண்டரோட 10 மி.மீ. பிளக் ஓட்டையிலகூடத் தாராளமாப் போகும். கண்ணால பாக்காம கம்பி விட்டுக் கிண்டறதுல சாமான் இன்னும் ஆழமாத்தான் போகும்.

மேல இருந்து கிடைக்கலன்னா ஆயிலை இறக்கிட்டு கவரைத் திறக்கணும். செயின் பக்கம் விழுந்திருந்தா இடதுபக்கம் மேக்னெட் (கிராங்க் முனையில கரண்ட் உண்டாக்கற சக்கரம்) கவர். ஸ்பிளெண்டர்ல அதோட முடியாது, மேக்னெட்டைப் புல்லர் (இழுத்துக் கழட்டற டூல்) போட்டு எடுத்து, அடுத்து காயில் தட்டையும் எடுத்தாத்தான் கீழ் ஸ்ப்ராக்கெட் இருக்கற இடம் தெரியும். புல்லருக்குப் பதிலா சுத்தியலால தட்டறவங்களைப் பத்தித் தனியாவே ஒரு பதிவு எழுதலாம். அங்கயும் இல்லன்னா வலதுபக்கம் கிளட்ச் கவர், ஆயில் ஜல்லடையும் அந்தப் பக்கம்தான். ஆயில் கசியாம கவருக்கு அடியில வைக்கற பேக்கிங் புதுசாப் போடணும், பழசுல பேஸ்ட் தடவி ஒப்பேத்தாதீங்க, மிச்சப் பேஸ்ட் பிசிறு உள்ள உதிர்ந்து ஜல்லடையை அடைக்கும். இத்தனைக்கும் அப்புறம் கிடைக்கலன்னாத்தான் என்ஜினை இறக்கிக் கேஸிங் பிரிக்கறது.

பிளக் ஓட்டை வழியா விழுந்த சாமான் வேற கதை, அதுக்கு ட்ரெயின் நட்டு வழியே கிடையாது. பிஸ்டன் தலையில கிடக்கும். ஒரு கிக் அடிச்சா பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவுல நசுங்கும், இல்லன்னா வால்வு ஸீட்ல மாட்டி வால்வை வளைக்கும். அதைவிட மோசம் உடைஞ்ச பிளக்கோட பீங்கான் சில்லு. அது அலுமினா, போர் ஸ்லீவ் இரும்பைவிடக் கடினம், கோடு கோடாக் கீறிப்புடும். காந்தமும் பிடிக்காது. வாக்குவம் கிளீனர் வாயில சின்ன ட்யூப் ஒண்ணை டேப் சுத்தி மாட்டி உறிஞ்சி எடுங்க. ஏர் அடிக்கறதா இருந்தா ரெண்டு வால்வும் மூடியிருக்கான்னு பாத்துட்டு, கண்ணாடி போட்டுக்கிட்டு அடிங்க. எல்லாச் சில்லையும் எடுத்துட்டோம்னு நெஞ்சைத் தொட்டுச் சொல்ல முடியலன்னா ஹெட்டைக் கழட்டுங்க. ஹெட் பேக்கிங் காசு போரோட காசுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல.

ரொம்ப ஆத்திரம் வர்றது பிஸ்டன் லாக் (பிஸ்டன் பின் கழண்டுடாம ரெண்டு முனையிலயும் மாட்டற கம்பி வளையம்) விஷயத்துல. போரை எடுத்ததும் கிரங்க்கேஸ் வாய் 'ஆ'ன்னு திறந்து கிடக்கு. கனெக்டிங் ராடைச் சுத்தி ஒரு துணி வைக்க அரை நிமிஷம்கூட ஆகாது. வைக்க மாட்டாங்க! லாக்கை மூக்கு பிளையரால நெம்பும்போது அது ஸ்ப்ரிங் மாதிரி எகிறி நேரா உள்ள போகும். துணி வைக்கறதுலயும் பாருங்க, நூல் வேஸ்ட்டைத் திணிக்கறாங்க. அதோட நூலு உதிர்ந்து ஜல்லடையில போய் அடையும். பனியன் துணி, ஒரே பெரிய துண்டா, வால் வெளிய தொங்கற மாதிரி வையுங்க. சின்னச் சின்னத் துண்டா வெச்சா ஒண்ணை உள்ளயே விட்டுட்டு போரை மாட்டிடுவீங்க. கழட்டுன லாக்கைத் திரும்பப் போடாதீங்க, ஒரு தடவை நெம்புனதுக்கு இழுவிசை போயிடும். புது லாக்கோட வாய் மேலயோ கீழயோ பாத்து இருக்கணும். பிஸ்டன் மேலும் கீழும் போற வேகத்துல பக்கவாட்டு வாய் சுருங்கிக் கழண்டுக்கும். கழண்டா போர் சுவரை உழுதுடும்.

ஆயில் டப்பா மூடிக்கு அடியில இருக்கற அலுமினியத் தாளைக் கத்தியால குத்திக் கிழிச்சு அப்படியே ஊத்தறதும் இதே அலட்சியம்தான். கிழிஞ்ச துண்டு ஆயிலோட உள்ள போய் ஜல்லடையில ஒட்டும். ஆயில் கடைசியா போய்ச் சேர்ற இடம் ஹெட், முதல்ல காஞ்சு சாகறதும் கேமும் ராக்கரும்தான். தாளை முழுசா உரிச்சுக் கையில எடுத்துட்டு ஊத்துங்கய்யா, என்ன கேடு? பிளக் கழட்டறதுக்கு முன்னாடி சுத்தி இருக்கற மண்ணை ஊதறதும், கார்புரேட்டரை எடுத்ததும் மேனிஃபோல்ட் (என்ஜினுக்குள்ள காத்தும் பெட்ரோலும் போற குழாய்) வாயை அடைக்கறதும், ஸ்பேனர் குழிக்குள்ள துளி கிரீஸ் வெச்சு போல்ட்டைப் பிடிச்சு இறக்கறதும் எல்லாம் காசில்லாத வேலை.

சாமான் கிடைச்சதும் ஜோலி முடிஞ்சுடாது. உடைஞ்சிருந்தா துண்டுகளைச் சேர்த்து வெச்சு முழுசாகுதான்னு பாருங்க, ஒரு மூலை குறைஞ்சாலும் அது உள்ளதான் இருக்கு. பிளக்கை எடுத்துட்டு, மேக்னெட் நட்டுல ஸ்பேனர் போட்டு, ஸ்பிளெண்டர்ல இடதுபக்கம் நின்னு பாத்தா கடிகாரத்துக்கு எதிர்த் திசையில, கையால ரெண்டு முழுச் சுத்து மெதுவாச் சுத்துங்க. கிராங்க் ரெண்டு சுத்துனாத்தான் கேம் ஒரு சுத்து. எங்கயாவது தட்டுனா பலம் போட்டுத் தள்ளாதீங்க, திரும்பப் பிரிங்க. மேக்னெட்டுல இருக்கற 'டி' குறியும் கேம் குறியும் ஒரே நேரத்துல அததோட இடத்துல நிக்குதான்னு பாத்துட்டு புது ஆயில் ஊத்தி ஓட விடுங்க. கொஞ்ச நேரத்துல அந்த ஆயிலையும் இறக்கி, வெள்ளைத் துணியில வடிகட்டி, காந்தத்தை அந்த ஆயிலுக்குள்ள விட்டுப் பாருங்க.

வண்டிக்காரங்களே, நீங்களும் "சீக்கிரம்ணே, வேலைக்குப் போகணும்"னு தலைக்கு மேல நிக்காதீங்க. அந்த அவசரத்துலதான் பாதி சாமான் உள்ள போகுது. உள்ள ஏதோ விழுந்துடுச்சு, இன்னைக்கு வண்டி கிடைக்காதுன்னு நேர்மையாச் சொல்ற மெக்கானிக்கிட்ட சண்டை போடாதீங்க, அவருக்கு நேரம் குடுங்க. வேலை முடிஞ்சதும் கழட்டுன பழைய சாமானை வாங்கிப் பாருங்க. பிஸ்டன் மாத்துனா பழைய லாக் 2 இருக்கணும். ரெண்டு வால்வு ஹெட்ல வால்வு லாக் (வால்வு ஸ்ப்ரிங்கைப் பிடிச்சு நிறுத்தற ஜோடித் துண்டு) மாத்துனா அரைத்துண்டு 4 இருக்கணும். ஒண்ணு குறையுதுன்னா அது எங்க இருக்குன்னு காட்டாம வண்டியை ஸ்டார்ட் பண்ண விடாதீங்க.