திரையில் தெரியும் மீனும் பெட்டியில் தூங்கும் லூர்களும்

மீனைத் திரையில் நேரலையாகப் பார்த்துக்கொண்டே தூண்டில் வீசுவது மோசடி என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அதற்காக அதை இஷ்டத்துக்கு விட்டுவிடலாம் என்பவர்களோடும் இல்லை. டெக்சாஸுக்கு வந்து, பாஸ் என்ற நன்னீர் வேட்டை மீனைப் பிடிக்கும் பைத்தியம் பிடித்த தமிழர்கள் சிலர் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். அங்கே சில வருடங்களாக இந்த ஒரு மல்லுக்கட்டுதான். குழுவில் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன்.

இந்த விளையாட்டைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. ரே ஸ்காட் என்ற அலபாமா இன்சூரன்ஸ் முகவர் 1967இல் ஆர்கன்சாஸின் பீவர் ஏரியில் ஒரு போட்டி நடத்தினார். தலைக்கு 100 டாலர் கட்டி 106 பேர் வந்தார்கள். அடுத்த ஆண்டே பாஸ்மாஸ்டர் அமைப்பு உருவானது. 1971இல் அதன் சாம்பியன் பட்டப் போட்டியான கிளாசிக் முதல்முறையாக நடந்தது, பரிசு 10,000 டாலர். இன்றைக்கு அதன் உயர்மட்டத் தொடரான எலைட் சுற்றில் நான்கு நாள் போட்டி. ஒரு நாளைக்கு ஐந்து மீன்களின் எடைதான் கணக்கு. ஆறாவதாகப் பெரியது கிடைத்தால் சிறியதைத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். படகுக்குள் இருக்கும் தண்ணீர்த் தொட்டியில் மீன் உயிரோடு இருக்க வேண்டும். செத்த மீனைக் கொண்டுவந்தால் எடையில் கழிப்பார்கள். எடை பார்த்த பிறகு மீன் மறுபடியும் ஏரிக்கே போகும்.

மீனைத் தேடும் கருவி புதிதா என்றால் இல்லை. கார்ல் லோரன்ஸ் 1950களின் இறுதியிலேயே பச்சைப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்துவிட்டார். பழைய தலைமுறை வீரர்கள் எல்லோருமே ஒலியை அனுப்பி எதிரொலியால் தேடும் இந்தச் சோனாரில் பிழைத்தவர்கள்தான். ஆனால் அந்தக் கருவி படகுக்கு நேர் கீழே இருப்பதை மட்டும் காட்டும். அதுவும் கடந்துபோன இடத்தின் படம். 2005இல் ஹம்மின்பேர்ட் நிறுவனம் பக்கவாட்டுச் சோனாரைக் கொண்டுவந்தது. மூழ்கிக் கிடக்கும் மரம், பழைய சாலை, பாறைக் குவியல் எல்லாம் புகைப்படம் போலத் தெரிய ஆரம்பித்தன. அப்போதும் மீன் அங்கே இருக்கலாம் என்ற ஊகம்தான். ஊகித்து, அந்த இடத்துக்கு ஏற்ற லூரை, அதாவது செயற்கை இரையை, தேர்ந்தெடுத்து வீசிப் பார்க்க வேண்டும்.

2018இல் கார்மின் நிறுவனத்தின் லைவ்ஸ்கோப் என்ற நேரலைச் சோனார் வந்தது. அதன்பின் லோரன்ஸ் நிறுவனமும் ஹம்மின்பேர்டும் தங்கள் பங்குக்கு வந்தன. படகின் முன்முனையில் இருக்கும் மின்சார மோட்டாரின் தண்டில், ஒலியை அனுப்பி வாங்கும் டிரான்ஸ்டியூசர் ஒன்றைக் கட்டிவிடுகிறார்கள். அதற்குள் வரிசையாக இருக்கும் பல சிறு உறுப்புகள் ஒலியை அனுப்பும் நேரத்தை நூலிழை அளவு மாற்றி மாற்றி, கருவி அசையாமலேயே ஒலிக்கற்றையைத் திருப்புகின்றன. கருவில் இருக்கும் குழந்தையை ஸ்கேனில் பார்ப்பதும் இந்தத் தத்துவத்தில்தான். தண்ணீரில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் ஓடும் என்பதால் போன ஒலி எதிரொலியாகத் திரும்பி வருவது கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுகிறது. மீனின் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பை அந்த ஒலியை நன்றாகத் திருப்பி அனுப்பும். ஆகவே முப்பது மீட்டர் தள்ளி நீந்தும் மீன் திரையில் ஒரு வெளிச்சக் கீற்றாக நகர்கிறது. இப்போதே, இந்த நொடியில்.

இதை வைத்து எப்படிப் பிடிக்கிறார்கள் என்று பாருங்கள். வீரர் மோட்டாரைக் காலால் அழுத்தித் திருப்பித் திருப்பி ஏரியைத் துழாவுகிறார். கரை எங்கோ இருக்கிறது. சுற்றிலும் வெறும் தண்ணீர். திரையில் ஒரு தடித்த கீற்று தெரிகிறது. அவர் கையில் இருப்பது நாலைந்து அங்குல ரப்பர் குஞ்சுமீன், ஏழு கிராம் சொச்சம் எடையுள்ள ஈயத்தலைக் கொக்கி, மெல்லிய நரம்பு. கீற்றுக்குச் சற்று அப்பால் வீசுகிறார். இப்போது திரையில் இரண்டு கோடுகள்: ஒன்று மீன், இன்னொன்று இறங்கிவரும் லூர். லூர் மீனின் தலைக்கு மேலேயே இருக்க வேண்டும். பாஸ் மேல்நோக்கிப் பார்த்து வேட்டையாடும் மீன். கீழே போனதைப் பெரும்பாலும் சட்டை செய்யாது. கோலின் நுனியைப் படபடவென்று நடுங்க வைத்தபடியே ரீலை மெல்லச் சுற்றுகிறார். கீழ்க்கோடு மேலே எழுகிறது. பின்தொடர்கிறது. இன்னும் ஒரு சாண்தான். சட்டென்று நின்று, திரும்பி, கீழே போய்விடுகிறது. அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் நரம்பைச் சுற்றிவிட்டு அடுத்த கீற்றைத் தேடுகிறார். நாள் முழுவதும் இதுதான்.

சுலபம் என்று நான் சொல்லவில்லை. குழுவில் நெல்லைக்காரர் அண்ணன் ஒருவர் இருக்கிறார், லைவ்ஸ்கோப் கட்சியின் தலைவர். "தம்பி, மீனைப் பார்த்துவிட்டால் பிடித்துவிடலாம் என்றால் மீன்காட்சியகத்தில் வேலை பார்ப்பவன்தான் உலக சாம்பியனாக இருக்க வேண்டும்" என்பார். "நீங்கள் சொல்வது சரிதான் அண்ணே, ஆனால் நான் கேட்பது வேறு" என்று நானும் ஒவ்வொரு முறையும் ஆரம்பிப்பேன். கீற்றைப் பார்த்தே அது பாஸா கெண்டையா என்று சொல்வதும், மீன் எந்தப் பக்கம் தலை வைத்திருக்கிறது என்று கணிப்பதும், நகரும் இலக்குக்கு முன்னால் சரியாக வீசுவதும் சாமானியத் திறமை அல்ல. 2024 பிப்ரவரியில் லேக் ஃபோர்க் ஏரியில் டிரே மெக்கின்னி என்ற 19 வயதுப் பையன் நான்கு நாளில் 130 பவுண்டு 15 அவுன்ஸ் கொண்டுவந்தார். கிட்டத்தட்ட 59 கிலோ. பால் எலியாஸ் 2008இல் ஃபால்கன் ஏரியில் வைத்த 132 பவுண்டு 8 அவுன்ஸ் சாதனை நூலிழையில் தப்பியது. 2025 கிளாசிக்கில் 22 வயது ஈஸ்டன் ஃபாதர்கில் மூன்று நாளில் 76 பவுண்டு 15 அவுன்ஸ் எடுத்து கிளாசிக் சாதனையையே மாற்றி எழுதினார். ஒரு நாளைக்கு ஏழு மீன் அனுமதித்த 1984இல் ரிக் கிளன் எடுத்த எடையைக்கூட ஐந்து மீன் கணக்கிலேயே தாண்டிவிட்டார். எல்லாப் பெருமையும் திரைக்கே என்று சொன்னால் அது அநியாயம். ஃபுளோரிடா வகைக் குஞ்சுகளை விட்டு வளர்த்த டெக்சாஸ் ஏரிகளில் பெரிய மீனுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் திரைக்குப் பங்கே இல்லை என்றும் யாரும் வாதாட முடியாது.

இந்தக் கருவி ஓர் உண்மையையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. பாஸ் என்றால் கரையோரம், செடி, மரக்கட்டை என்றுதான் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். நடு ஏரியில், ஷாட் என்ற சின்ன மீன் கூட்டங்களுக்குப் பின்னால், எந்த மறைவும் இல்லாமல் பாஸ் எவ்வளவு மிதந்து திரிகிறது என்பதை உலகுக்குக் காட்டியது திரைதான். அந்த அறிவுக்கு நான் நன்றியுள்ளவன்.

என் மனக்குறை வேறு இடத்தில். இந்த விளையாட்டின் ருசியே லூர் பெட்டியில் இருந்தது. அதை ஒரே ஒரு குஞ்சுமீனாகச் சுருக்கிவிட்டார்கள்.

பிப்ரவரி கடைசியில் சாம் ரேபர்ன் ஏரிக்குப் போனால் பழைய கைகள் பெட்டியைத் திறந்து எதை எடுப்பார்கள் தெரியுமா? சிவப்பு ராட்-எல்-ட்ராப். உள்ளே குண்டுகள் கலகலக்கும் தட்டையான லூர். முட்டையிடக் கரைக்கு வரும் பாஸ் அந்தப் பருவத்தில் நன்னீர் நண்டு போன்ற கிராஃபிஷைத் தின்னும், அதனால் சிவப்பு. தண்ணீருக்கடியில் இருக்கும் புல்லின் தலையை உரசும்படி இழுக்க வேண்டும். புல்லில் மாட்டியதும் வெடுக்கென்று ஓர் இழுப்பு. லூர் விடுபட்டுப் பாயும் அந்தக் கணத்தில்தான் கடி விழும். புல் எவ்வளவு உயரம் வளர்ந்திருக்கிறது, லூர் எந்த ஆழத்தில் ஓடுகிறது, எந்த வேகத்தில் சுற்றினால் அதன் தலையை மட்டும் தொடும் என்பதையெல்லாம் கையில் வரும் அதிர்விலேயே படிக்க வேண்டும். கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை.

கலங்கல் தண்ணீரா, தகடு சுழலும் ஸ்பின்னர்பெய்ட். குளிர்ந்த தெளிந்த நீரா, மீன் வடிவ லூரான ஜெர்க்பெய்ட்டை இரண்டு முறை வெட்டி இழுத்துவிட்டுப் பத்து எண்ணும்வரை அசையாமல் விட வேண்டும். புதருக்குள் என்றால் கொக்கியின் முனையை ரப்பர் புழுவுக்குள்ளேயே புதைத்து வைக்கும் டெக்சாஸ் ரிக்; முள் வெளியே தெரியாததால் கிளையில் மாட்டாது. இலை மூடிய நீர்ப்பரப்பில் ரப்பர் தவளை. அந்தத் தவளையை நம் ஊர்க் குளங்களில் விராலுக்கு வீசும் பையன்களும் இன்று வைத்திருக்கிறார்கள். பாஸுக்காகப் பிறந்த சரக்கு என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ. ஒவ்வொரு லூரும் தண்ணீரைப் பற்றிய ஒரு கேள்வி. பருவம், நிறம், வெப்பம், காற்று எல்லாம் சேர்ந்துதான் விடை. ஒரே நாளில் ஒருவர் சேற்றிலும் இன்னொருவர் பாறையிலும் வெவ்வேறு வழியில் ஜெயிக்கலாம் என்பதற்காகத்தான் நாங்கள் உட்கார்ந்து பார்த்தோம்.

2019இல் செயின்ட் ஜான்ஸ் ஆற்றில் ரிக் கிளன் 72 வயதில் எலைட் பட்டம் வென்றார். அடுத்த வாரமே 25 வயதுக்காரன் இன்னொரு ஏரியில் வேறு வித்தையால் வெல்லலாம். அந்தக் கலவை எனக்கு வேண்டும். இப்போது ஆழமான, தெளிந்த ஏரிகளில் நடக்கும் போட்டியின் நேரடி ஒளிபரப்பைப் போட்டால் முதல் பத்துப் பேரில் பெரும்பாலோர் ஒரே மாதிரி குனிந்து நின்று ஒரே மாதிரி கோலை நடுக்குகிறார்கள். ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்தால் யார் யார் என்றே தெரியவில்லை.

"இதெல்லாம் வயசாளிகளின் பொறாமை" என்பது எதிர்க்கட்சியின் ஒரே பல்லவி. பொறாமை இருக்கத்தான் செய்யும், மனிதர்கள்தானே. ஆனால் "தொழில்நுட்பத்தைத் தடுக்க முடியாது" என்று அடுத்த வரியில் சொல்வார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குச் சிரிப்பு வருகிறது. இந்த விளையாட்டே தடைகளால் கட்டப்பட்டது. உயிருள்ள இரை கூடாது. படகில் மீனை ஏந்தக் கைவலை கூடாது. ஒரு நேரத்தில் ஒரு கோல்தான். எலைட் படகில் 250 குதிரைத்திறனுக்கு மேல் எஞ்சின் கூடாது. 1932இல் ஜார்ஜியாவில் பிடிபட்ட 22 பவுண்டு 4 அவுன்ஸ் உலக சாதனையை 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் சமன் செய்தவர் இரையாகப் பயன்படுத்தியது புளூகில் என்ற உயிருள்ள சிறு மீனை. பெரிய மீனுக்கு அது எவ்வளவு நல்ல வழி என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் போட்டியில் தடை.

இன்னும் நெருக்கமான முன்னுதாரணம் அலபாமா ரிக். குடைக்கம்பி போல விரியும் ஐந்து கம்பிகளில் ஐந்து லூர்கள். தண்ணீரில் இழுத்தால் ஒரு குட்டி மீன்கூட்டம் போகிற மாதிரி இருக்கும். 2011 அக்டோபரில் கன்டர்ஸ்வில் ஏரியில் அதே பால் எலியாஸ் அதை வைத்துப் பெரிய போட்டி ஒன்றை வென்றார். நாடெங்கும் கடைகளில் சரக்கு தீர்ந்தது. சில மாதங்களில் பாஸ்மாஸ்டர் எலைட்டிலும் கிளாசிக்கிலும் அதைத் தடை செய்துவிட்டது. எலியாஸை யாரும் திருடன் என்று சொல்லவில்லை. வார இறுதியில் பொழுதுபோக்காக மீன்பிடிப்பவர்கள் தத்தம் மாநிலச் சட்டப்படி இன்றும் அதை வீசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். உயர்மட்டப் போட்டியில் மட்டும் வேண்டாம் என்றார்கள், வானம் இடிந்து விழவில்லை.

சோனார் விஷயத்தில் இவ்வளவு தயக்கம் ஏன்? அலபாமா ரிக் சில டாலர் கம்பி. திரையும் டிரான்ஸ்டியூசரும் சேர்ந்தால் ஆயிரக்கணக்கான டாலர். அதைச் செய்யும் நிறுவனங்கள்தான் போட்டிகளுக்கும் வீரர்களின் சட்டைகளுக்கும் விளம்பரம் தருபவை. இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

ஆனாலும் அசைவு வந்திருக்கிறது. போட்டி நடத்தும் இன்னொரு அமைப்பான என்.பி.எஃப்.எல். 2024 முதல் முற்றிலும் தடை என்றது. பாஸ்மாஸ்டர் எலைட் 2025இல் ஒரே ஒரு நேரலை டிரான்ஸ்டியூசர், படகில் உள்ள திரைகள் எல்லாம் சேர்த்து 55 அங்குலம் என்று வரம்பு வைத்தது. அறுபது அங்குலம் இருந்தால் அநியாயம், 55 இருந்தால் நியாயமா? கண் துடைப்பு. எனக்குப் பிடித்தது மேஜர் லீக் ஃபிஷிங் என்ற மற்றொரு போட்டி அமைப்பு அதே 2025இல் செய்ததுதான். ஒரு நாளில் மூன்று பகுதிகள். அவற்றில் ஏதாவது ஒன்றில் மட்டும் நேரலைச் சோனாரைப் பயன்படுத்தலாம், எதில் என்பது வீரரின் முடிவு. ஒருநாள் கிரிக்கெட்டில் முதல் 10 ஓவர்களுக்கு வட்டத்துக்கு வெளியே இருவர் மட்டும் என்று வைத்ததால் யாரும் பந்துவீச்சை ஒழித்துவிட்டார்கள் என்று அழவில்லை. ஆட்டத்துக்குள் ஓர் ஆட்டம் பிறந்தது. இங்கேயும் அப்படித்தான். காலையில் திரையைச் செலவழித்துவிட்டவன் மதியம் பெட்டியைத் திறந்தே ஆக வேண்டும். திரையில்லாமல் அவனுக்கு ஏரியைப் படிக்கத் தெரியுமா என்பது அப்போது வெளிச்சத்துக்கு வரும்.

எலைட் சுற்றுக்கும் இதையே கொண்டுவாருங்கள் என்பதுதான் என் கோரிக்கை. பயிற்சி நாட்களில் எத்தனை திரை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். போட்டி நாளில் மூன்றில் ஒரு பங்கு. ஃபுளோரிடாவின் ஒக்கிச்சோபி போன்ற, செடி மண்டிய ஆழமற்ற ஏரிகளில் அதுவும் வேண்டாம். அங்கே செடிக்கூட்டத்துக்குள் திரைக்குப் பெரிய வேலையும் இல்லை. ஆழத்திலிருந்து வேகமாக மேலே இழுக்கப்படும் மீனுக்குக் காற்றுப்பை உப்பி, விட்ட பிறகும் கீழே போக முடியாமல் தவிக்கிறதே, அதற்கும் இது கொஞ்சம் ஓய்வு தரும்.

நெல்லை அண்ணன் இதைப் படித்துவிட்டு இன்றிரவே நீண்ட குரல்செய்தி அனுப்புவார் என்று தெரியும். அனுப்புங்கள் அண்ணே, கேட்கிறேன். மற்றவர்களும் மறுத்து எழுதலாம். கடந்த இரண்டு சீசன்களில் ஆழமான ஏரியில் திரையே இல்லாமல் முதல் ஐந்துக்குள் வந்தவர்களின் பட்டியல் யாரிடமாவது இருந்தால் அதைக் கீழே போடுங்கள். அந்தப் பட்டியல் நீளமாக இருந்தால் நான் மேலே சொன்னதில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளத் தயார்.