மூன்று வழி இருந்தும் முடங்கிய ஹீத்ரூ

ஒரு மின்வழி போனால் தானாகவே இன்னொன்றுக்கு மாற்றிவிடும் ஏற்பாட்டைப் பற்றிய கட்டுரையை, ‘தானியங்கி மாற்று வசதி வைத்தால் கரண்ட் போகவே போகாது’ என்று முடித்தது கொஞ்சம் அவசரம். லண்டன் ஹீத்ரூ விமான நிலையத்துக்கு மூன்று வழிகளில் மின்சாரம் வருகிறது. 2025 மார்ச்சில் நார்த் ஹைட் துணைமின் நிலையத்தில் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்தபோது விமான நிலையம் ஏறக்குறைய ஒரு நாள் முடங்கிப்போனது. மற்ற இரண்டு வழிகளும் உயிரோடுதான் இருந்தன. விமான நிலையத்தின் உள் மின்வலையமைப்பை மாற்றி இணைக்கத்தான் பல மணி நேரம் பிடித்தது.

கரண்ட் போனதைக் கண்டு மாற்றச் சொல்லும் கருவியான ரிலேயைக் குறை சொல்லவில்லை. இன்கமர் பிரேக்கர் (கரண்ட் போன வழியின் நுழைவுச் சுவிட்ச்) திறந்ததை உறுதி செய்த பிறகே பஸ் கப்ளரை (இரண்டு பக்கத்தையும் இணைக்கும் சுவிட்ச்) மூட வேண்டும். பழுது பஸ்பாரிலேயே (மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் உலோகப் பட்டை) என்றால் மூடவே கூடாது, நல்ல லைனும் சேர்ந்து ட்ரிப் ஆகிவிடும். அது சரி, மீதமிருக்கும் ஒற்றை டிரான்ஸ்ஃபார்மர் கோடைக்கால மாலையில் இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்களின் லோடையும் தாங்குமா? கட்டுரையில் அந்தக் கணக்கையே காணோமே!