தாவர ஒளிர்வு: செயற்கைக்கோள் அளப்பது எதை?

தாவர ஒளிர்வைப் பதிவுசெய்யும் செயற்கைக்கோள்கள், செடிகள் உள்வாங்கும் கார்பனை நேரடியாகவே அளக்கின்றன என்று ஒரு கருத்து இருக்கிறது. அப்படி இல்லைங்க, அவை அளப்பது ஒளியை மட்டும்தான். பச்சையம் ஈர்க்கும் ஒளியில் ஏறக்குறைய 1 முதல் 2 சதவீதம், சிவப்பாகவும் அண்மை அகச்சிவப்பாகவும் திரும்ப வெளிவருகிறது; இதுதான் தாவர ஒளிர்வு. ஒளிச்சேர்க்கை கூடும்போது பெரும்பாலும் இதுவும் கூடுவதால், தரையில் நிறுவிய அளவீட்டுக் கோபுரங்களில் கிடைக்கும் கார்பன் அளவீடுகளோடு ஒப்பிட்டு, உற்பத்தித்திறனை, அதாவது செடிகள் உள்வாங்கும் கார்பன் அளவை மதிப்பிடுகிறார்கள். தாவர வகை, வறட்சி என்று பலவற்றால் அந்த உறவு மாறும். மதிப்பீடு என்பதால் இதன் அருமை குறையாது, அது வேறு.

சரிபார்க்க, 2014-இல் ஏவப்பட்ட ஓசிஓ-2 செயற்கைக்கோளின் ஒளிர்வுத் தரவை நாசா தளத்தில் இலவசமாக எடுக்கலாம். கோப்பில் அலகைப் பாருங்கள். கதிர்வீச்சுக்கான அலகுதான் இருக்கும், கிராம் கார்பன் இருக்காது.