ஓம், நான் துப்பறியும் கதைகள்தான் வாசிக்கிறேன்

ஞாயிற்றுக்கிழமை கொழும்பில், வெள்ளவத்தை வாசகர் கூட்டத்தில் நடந்ததைப் பற்றி நிறையப் பேர் இன்பாக்ஸில் கேட்டுவிட்டீர்கள். வீடியோ பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. இந்த வருடம் என்ன வாசித்தீர்கள் என்று மைக்கை வரிசையாகக் கொடுத்துக்கொண்டு வந்தார்கள். என்னிடம் வந்தபோது உள்ளதைச் சொன்னேன்: அகதா கிறிஸ்டி, பயணக் கதை எழுதிய எரிக் நியூபி, டேர்வ்லா மர்பி, தேவனின் துப்பறியும் சாம்பு இன்னொரு தரம். மேடையில் இருந்த ஐயா சிரித்துக்கொண்டே சொன்னார்: "இவ்வளவு பிணம் விழுந்த நாட்டில் பொழுதுபோக்குக்குக் கொலை வாசிக்க எப்படித்தான் மனம் வருகிறதோ. மற்றது ஊர்சுற்றிகளின் பகிடி." மண்டபம் கைதட்டியது. எனக்குத் தெரிந்த முகங்களும் தட்டின.

ஐயாவின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அவருடைய எழுத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்தக் கைதட்டல் இன்னும் காதில் நிற்கிறது.

சந்தோஷத்துக்காக வாசிப்பதும் வாசிப்புதான். அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை. இதுதான் நான் சொல்ல வந்தது. மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

நான் வாசிக்கப் பழகியதே துப்பறியும் கதைகளில்தான். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. மண்ணெண்ணெயும் தாராளமாகக் கிடைக்காது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு வைத்து, அதில் திரியைச் செருகி, எண்ணெயை அளந்து விட்டுக் கொளுத்துவோம். அந்த விளக்கைச் சுற்றி எங்கள் வீட்டில் தமிழ்வாணனின் சங்கர்லால் கதைகள் ஓடின. சித்தப்பா சத்தமாக வாசிப்பார், நாங்கள் கேட்போம். புதுப் புத்தகம் வராத காலம். ஒரே புத்தகம் கை மாறி மாறி ஊர் முழுக்கச் சுற்றும். ஒன்றில் கடைசிப் பக்கங்கள் கிழிந்து போயிருந்தன. கொலைகாரன் யாரென்று வீட்டில் கிழமைக்கணக்காக வாக்குவாதம். சித்தி சமையற்காரன் என்றா, அப்பா மருமகன் என்றார். ஒவ்வொருவரும் நூறாம் பக்கத்தில் அவன் என்ன சொன்னான், எந்தக் கதவு திறந்து கிடந்தது என்று ஆதாரம் காட்ட வேண்டும். வெளியில் ஷெல் சத்தம் கேட்கும். உள்ளே நாங்கள் ஒரு வரியைத் திரும்பத் திரும்ப வாசித்து யோசித்துக்கொண்டிருப்போம். கவனமாக வாசிப்பது எப்படி என்று எனக்கு எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித் தரவில்லை. அந்த வாக்குவாதம்தான் சொல்லித் தந்தது.

இப்போது அந்தப் பெரிய கேள்விக்கு வருகிறேன். இவ்வளவு பிணம் விழுந்த நாட்டில் எப்படி மனம் வருகிறது?

ஐயா, அதனால்தான் வருகிறது.

அகதா கிறிஸ்டி தன் முதல் நாவலை எழுதியது முதலாம் உலகப் போர் நடக்கும்போது. டோர்க்கி என்ற ஊரில், ஆஸ்பத்திரி மருந்தகத்தில் மருந்து கலந்துகொண்டிருந்த இளம் பெண் அவர். அந்த வேலையில்தான் நஞ்சுகளைப் பற்றித் தெரிந்துகொண்டார். 1920-இல் நாவல் அச்சில் வந்தபோது மருந்தாளர்களின் சஞ்சிகையே நஞ்சைப் பற்றி எழுதியது சரி என்று பாராட்டியது. அந்த முதல் நாவலில் வருகிற எர்க்யூல் புவாரோ யார்? பெல்ஜியத்திலிருந்து போருக்குத் தப்பி வந்த அகதி. சொந்த நாட்டில் பேர்பெற்ற பொலிஸ் அதிகாரி. இங்கிலாந்தில் ஒரு சின்னக் கிராமத்தில், ஒரு அம்மாவின் தயவில், மற்ற அகதிகளோடு ஒரே வீட்டில் தங்கியிருக்கிறார். அந்த அம்மா கொல்லப்படுகிறார். ஊர் வேடிக்கை மனிதனாகப் பார்க்கிற அந்த அகதிதான் உண்மையைக் கண்டுபிடிக்கிறார்.

இதை நான் முதன்முதலாகக் கொழும்பில் ஒரு வாடகை அறையில் இருந்துதான் வாசித்தேன். அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டும் கைப்பையில் இல்லாமல் வெளியில் இறங்க முடியாத காலம். சோதனைச் சாவடியில் என் உச்சரிப்பைக் கேட்டுவிட்டு ஆளையே மாற்றிப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில், உச்சரிப்பைக் கேட்டு மற்றவர்கள் சிரிக்கிற ஒரு அகதி அந்த அறையில் எல்லாரையும் விடக் கெட்டிக்காரனாக நிற்பதை வாசிப்பது எனக்கு எப்படி இருந்திருக்கும்? அதைப் பொழுதுபோக்கு என்று சொன்னால் சொல்லுங்கள். எனக்கு அது முதுகெலும்பு.

இன்னொன்று. துப்பறியும் கதையில் ஒரு சாவு நடந்தால் அது கணக்கில் வரும். யார், எத்தனை மணிக்கு, எந்த அறையில், கடைசியாக யார் கண்டது என்று ஒருவர் விடாமல் கேட்பார்கள். பெரிய வீட்டு எசமானிடமும் கேட்பார்கள். முடிவில் உண்மையை எல்லார் முன்னாலும் சொல்லியே ஆகவேண்டும். நம்முடைய நாட்டில் காணாமல் போனவனின் படத்தைப் பிடித்துக்கொண்டு அம்மாமார் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017-இலிருந்து கொட்டகை போட்டு இருக்கிறார்கள். பதில் கிடைக்காமலே சிலர் செத்தும் போனார்கள். கேள்விக்குப் பதில் கிடைக்கிற ஒரு உலகத்தை இருநூறு பக்கத்துக்காவது பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை இருக்கிறது. அது சாவை மதிக்காத மனம் என்று மைக்கில் சொல்ல உங்களுக்கு யார் உரிமை தந்தது?

"அப்படியென்றால் நம் மண்ணின் வலியை எழுதியவர்களை வாசிக்க மாட்டீர்களா" என்று கேட்பீர்கள். வாசிக்கிறேன். காசு கொடுத்து வாங்கித்தான் வாசிக்கிறேன், செட்டியார் தெருவுக்கு நடந்துபோய். ஆனால் அதை வாசித்ததால் மட்டும் ஒருவர் நல்ல வாசகர் ஆகிவிடுவதில்லை. அழுதால்தான் இலக்கியம் என்று எந்த ஏட்டில் எழுதியிருக்கிறது? தேவன் ஆனந்த விகடனில் சாம்புவை எழுதினார். அசடு என்று எல்லாரும் நினைக்கிற ஒரு பேங்க் குமாஸ்தா, தற்செயலாகவே பெரிய துப்பறிவாளராகிப் பேர் எடுக்கிறார். மனிதர்கள் பேருக்கும் புகழுக்கும் எப்படி மயங்குவார்கள் என்பதை அவ்வளவு மென்மையாகச் சொன்னவர் வேறு யார்?

ஆங்கிலப் புத்தகப் பெயர் சொல்லிப் பந்தா காட்டுகிறாள் என்றும் ஒருவர் வீடியோவுக்குக் கீழே எழுதியிருந்தார். விடுங்கள்.

இந்தப் பயணக்காரர்கள் எல்லாம் வெள்ளைக்காரர்கள், அவர்கள் பார்வையில் திமிர் உண்டு என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். அது உண்மை. சில வரிகள் எனக்கும் எரிச்சலூட்டும், அந்தப் பக்கங்களில் நானும் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். ஆனால் தங்களைத் தாங்களே பார்த்துச் சிரிக்கத் தெரிந்தவர்கள் அவர்களில் உண்டு. நியூபி லண்டனில் ஆடை வியாபாரத்தில் இருந்தவர். மலை ஏறத் தெரியாது. வேல்ஸில் சில நாட்கள் பழகிவிட்டு, நண்பரோடு துருக்கி, ஈரான் வழியாகக் காரில் ஆப்கானிஸ்தான் போய், இந்துகுஷ் மலையில் மிர் சமிர் என்ற சிகரத்தில் ஏறப் பார்க்கிறார். உச்சிக்குக் கிட்டப் போய்த் திரும்பி வருகிறார்கள். நூரிஸ்தான் மக்களோடு பேசுவதற்கு ஒரு பழைய மொழிக் கைந்நூலைக் கொண்டுபோயிருந்தார்கள். அதில் இருந்த வாக்கியங்கள்: உன் தகப்பன் ஆற்றில் விழுந்துவிட்டார்; எனக்கு ஒன்பது விரல், உனக்குப் பத்து. இதை வாசித்து நான் ஒரு இரவு முழுக்கச் சிரித்தேன். 1958-இல் வந்த புத்தகம். தோற்றுப்போன பயணத்தை இவ்வளவு சந்தோஷமாக ஒருவரால் எழுத முடிகிறதே என்று அன்றைக்கு எனக்குப் பெரிய ஆறுதல்.

தரைவழிப் பயணம் ஊர்சுற்றிகளுக்கு உரியது என்று ஐயா நினைக்கிறார். எங்கள் தாத்தா கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் ரயிலேறி, தலைமன்னாரில் கப்பலேறி, தனுஷ்கோடியில் மறுபடி ரயிலேறி மெட்ராஸ் போய் வந்தவர். 1964 புயலில் தனுஷ்கோடியே அழிந்தது. பிறகு இராமேஸ்வரத்துக்கு ஓடிய கப்பலும் எண்பதுகளில் நின்றது. 1990-இல் யாழ்தேவி ரயிலும் நின்றது, மறுபடி யாழ்ப்பாணம் போய்ச் சேர 2014 ஆனது. யாழ்ப்பாணத்துக்குப் போகிற ஏ9 வீதி மூடிக் கிடந்தபோது ராத்திரியில் கிளாலிக் கடலால் வள்ளத்தில் வந்தவர்கள் நாங்கள். பாதை மூடிக் கிடந்த ஊரில் பிறந்தவளுக்கு, ஒருத்தி சைக்கிளில் ஏறி எல்லை எல்லையாகத் தாண்டிப் போகிற கதை எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் எப்படி விளங்கப்படுத்துவது?

அந்த ஒருத்திதான் டேர்வ்லா மர்பி. அயர்லாந்துக்காரி. பத்து வயதில் பிறந்தநாளுக்கு ஒரு சைக்கிளும் ஒரு அட்லஸும் கிடைத்தன, அப்போதே இந்தியாவுக்குச் சைக்கிளில் போவது என்று முடிவெடுத்தார். ஆனால் பதினாலு வயதில் படிப்பை விட்டுவிட்டு, நோயாளித் தாயைப் பார்க்க வீட்டோடு நின்றார். தாய் இறந்த பிறகு, 1963-இல், முப்பத்தொரு வயதில்தான் புறப்பட்டார். கடும் பனியில் ஐரோப்பா, பிறகு ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், டெல்லி.

எங்கள் அம்மாவின் கடைசி மாதங்களில், அந்தப் பயணத்தைப் பற்றி மர்பி எழுதிய புத்தகம்தான் என் மடியில் இருந்தது. 2022-ஆம் ஆண்டு. பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு. கீழே பெற்றோலுக்கு நின்ற வாகன வரிசை காலி வீதி வரைக்கும். அம்மாவுக்கு விசிறிக்கொண்டே சார்ஜர் லைட்டில் சத்தமாக வாசித்தேன், தமிழாக்கிச் சொல்லிச் சொல்லி. ஓநாய்கள் மேலே பாய்ந்ததும் மர்பி துப்பாக்கியை எடுத்த இடத்தில் அம்மா கண்ணைத் திறந்து, "சுட்டாளோ?" என்று கேட்டா. சுட்டா அம்மா என்றேன். "நல்ல பிள்ளை" என்றா. எத்தனையோ நாளைக்குப் பிறகு அம்மா ஒரு விஷயத்தில் ஆர்வமாக இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஐயா, உங்களுக்கு அது பகிடி. கைதட்டியவர்களுக்கும் பகிடி. நான் மண்டபத்தில் மர்பியின் பெயரைச் சொன்னபோது அம்மாவின் அந்தக் குரலைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த கூட்டத்துக்கும் வருவேன். என்ன வாசித்தீர்கள் என்று கேட்டால் இதே பெயர்களைத்தான் சொல்லுவேன்.

நேற்று ஒரு கல்லூரிப் பிள்ளை எழுதியிருந்தா: "நானும் கொலைக் கதைதான் வாசிப்பேன் அக்கா, ஆனால் வெளியில் சொல்ல வெட்கம்." தங்கச்சி, முதலில் சுஜாதாவின் நைலான் கயிறு வாசியுங்கோ, பிறகு கிறிஸ்டியின் முதல் நாவல், அதற்குப் பிறகு மர்பி. மூன்றும் என்னிடம் இருக்கின்றன. வெள்ளவத்தைப் பக்கம் வரும்போது சொல்லுங்கோ, எடுத்து வைக்கிறேன்.