‘டு’வா, ‘வித்’தா: ஒற்றைச் சொல்லுக்காகத் திரும்பி வரும் அறிக்கை

ஆங்கிலத்தில் ஓர் அலுவல் அறிக்கையை எழுதி, எண்களையெல்லாம் இருமுறை சரிபார்த்து அனுப்பினால், அது எண்களுக்காகத் திரும்பி வருவதில்லை. ‘சென்ற ஆண்டுடன் ஒப்பிடுகையில்’ என்ற பொருளில் நான் எழுதிய ‘கம்பேர்ட் டு’வை அடித்து, ‘கம்பேர்ட் வித்’ என்று மாற்றச் சொல்லித் திரும்பி வருகிறது. சரி, கற்றுக்கொண்டோம் என்று அடுத்த அறிக்கையில் ‘வித்’ எழுதினால், வேறொரு மேலதிகாரி அதை அடித்துவிட்டு ‘டு’ என்கிறார். காரணம் கேட்டால் இருவரும் சொல்வது ஒன்றுதான்: “காதுக்கு அதுதான் சரியாகப் படுகிறது.” காதை நம்பித் திருத்துவதற்கு இலக்கணம் என்று ஏன் பெயர் சூட்ட வேண்டும்?

இத்தனைக்கும் இந்த இணையில் உண்மையாகவே ஒரு பொருள் வேறுபாடு இருக்கிறது. வாழ்க்கையைப் பயணமாகக் காண்பதுபோல வேற்றினப் பொருள் ஒன்றோடு உவமிக்கும்போது ‘டு’. இரண்டு ஆண்டுகளின் வருவாயை அருகருகே வைத்து ஒற்றுமை வேற்றுமைகளை ஆராயும்போது ‘வித்’. மரபு சொல்வது இவ்வளவுதான். உவமை வேறு, ஒப்பாய்வு வேறு என்று ஒரே வரியில் எனக்குச் சொல்லியிருக்கலாம். ஆனால் அப்படிச் சொன்னால், ‘கம்பேர்ட்’ என்ற எச்ச வடிவத்தின் பின்னால் நல்ல எழுத்தாளர்களே இரண்டையும் எழுதுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டிவரும். பிறகு சிவப்பு மைக்கு வேலை இருக்காது.

‘டிஃபரன்ட்’டின் கதை இதைவிட மோசம். ‘ஃப்ரம்’ எழுதினால் எவரும் குறை சொல்வதில்லை. பிரிட்டனில் ‘டு’வும் அமெரிக்காவில் ‘தேன்’னும் (than) அதனோடு சேர்ந்தே புழங்குகின்றன. ‘டு’ எழுதுவதே குற்றம் என்ற எண்ணத்தை, 1926 இல் வெளிவந்த தம் ஆங்கிலச் சொற்பயன்பாட்டு அகராதியில் அகராதி ஆசிரியர் ஃபவுலர் மூடநம்பிக்கை என்றே எழுதினார். அந்த மூடநம்பிக்கை இன்னும் சம்பளம் வாங்கிக்கொண்டு என் அறிக்கைகளைத் திருத்துகிறது.

‘சுப்பீரியர்’, ‘சீனியர்’, ‘ஜூனியர்’ ஆகியவற்றுக்குப் பின் ‘டு’ வரும் என்று மனப்பாடம் செய்யவைத்தவர்கள், இவை இலத்தீனிலேயே ஒப்புமை வடிவம் பெற்று வந்த சொற்கள் என்பதைச் சொல்லவில்லை. ‘ப்ரிஃபர்’ என்ற வினைக்கும் ‘டு’தான் என்றார்கள்; ஆனால் அதன் பின் ‘டு’ ஏற்ற வினையெச்சம் வந்துவிட்டால் அடுத்தடுத்து இரண்டு ‘டு’ நின்று வாக்கியம் முறிகிறது, அப்போது ‘ராதர் தேன்’னுக்கு ஓட வேண்டும் என்பதை நானே இடறி விழுந்துதான் அறிந்தேன்.

நம் மொழி மட்டும் ஒழுங்கா என்று கேட்கலாம். ‘மலையின் வீழ் அருவி’யில் நீங்கலைக் காட்டும் அதே ‘இன்’ உருபுதான் ‘பாலின் வெளிது கொக்கு’ என்பதில் ஒப்பைக் காட்டுகிறது. இதுவும் பழக்கத்தில் விளைந்ததுதான். ஆயினும் நம் இலக்கணிகள் நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என்று பொருள் பிரித்துச் சொல்லிவைத்தார்கள். காதைக் கேள் என்று கைவிரிக்கவில்லை.

கடைசியாக அனுப்பிய அறிக்கையில் ‘டு’, ‘வித்’ போன்ற எந்த முன்னிடைச்சொல்லும் வேண்டாம் என்று, இரண்டு ஆண்டுகளின் தொகையையும் தனித்தனி வாக்கியங்களில் எழுதி முற்றுப்புள்ளி வைத்தேன். இன்று காலை அது திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்வி: “ஒப்பீடு எங்கே?”