ஏமி கிராண்ட் எங்கேயும் போய்விடவில்லை

அமெரிக்கக் கிறிஸ்தவப் பாடகி ஏமி கிராண்ட் முதலில் கர்த்தருக்குப் பாடினார், அப்புறம் உலகத்துக்குப் பாடப் போய்விட்டார் என்று சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் எண்பதுகளில் தொடங்கிய பேச்சு இது. அவருடைய 'எல் ஷடாய்' பாட்டை வாலிபர் கூட்டத்தில் கண்ணீரோடு பாடிய நம் ஆட்கள்கூட, பாடியவரைப் பற்றிக் கேட்டால் "பாவம், பின்மாற்றத்தில் போயிட்டாங்க" என்று விசுவாசத்தை விட்டு விலகிவிட்டார் என்ற பொருளில் சொல்லக் கேட்டிருக்கிறேன். இந்தப் பேச்சு எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. அந்தப் பெண்ணுக்குச் செய்கிற அநியாயம் ஒருபக்கம். ஒரு விசுவாசி எதைப் பற்றியெல்லாம் பாடலாம் என்பதையே அது சுருக்கிவிடுகிறது என்பது இன்னொரு பக்கம். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஏமி வளர்ந்தது டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரத்தில். குடும்பம் 'சர்ச் ஆஃப் கிரைஸ்ட்' பிரிவைச் சேர்ந்தது. ஆராதனையில் வாத்தியமே வாசிக்காமல் வெறும் குரலில் பாடுகிற மரபு அது. அங்கிருந்து வந்த பெண் கிட்டாரை எடுத்துச் சொந்தமாகப் பாட்டு எழுத ஆரம்பித்தார். டெக்சாஸில் வேக்கோ நகரத்தில் இருந்த வேர்ட் நிறுவனம் அவருக்கு ஒப்பந்தம் தந்தபோது பதினாறு வயதுகூட நிறையவில்லை. முதல் ஆல்பம் 1977இல் வந்தது. 1982இல் வந்த 'ஏஜ் டு ஏஜ்' தான் எல்லாவற்றையும் மாற்றியது. தனியாகப் பாடும் ஒரு கிறிஸ்தவக் கலைஞரின் ஆல்பம் 5 லட்சம் பிரதிக்கான தங்கச் சான்று வாங்கியது அதுவே முதல் முறை. பிறகு 10 லட்சத்தையும் தாண்டியது. மைக்கேல் கார்டும் ஜான் தாம்சனும் எழுதிய 'எல் ஷடாய்' அதில்தான் இருக்கிறது.

அந்தக் காலத்தில் அமெரிக்கக் கிறிஸ்தவ இசை ஒரு தனி உலகம். தனி நிறுவனங்கள், தனி வானொலிகள், தனித் தரவரிசை, 'டவ்' என்று தனி விருது. கேசட் பெரும்பாலும் விற்றது கிறிஸ்தவப் புத்தகக் கடைகளில், வேதாகமங்களுக்குப் பக்கத்து அலமாரியில். வாங்குகிறவரும் விசுவாசி, விற்கிறவரும் விசுவாசி. வெளியில் இருக்கிறவர் காதில் இது விழ வழியே இல்லை. 1985இல் வேர்ட் நிறுவனம் ஏ அண்ட் எம் என்ற பெரிய இசை நிறுவனத்தோடு சேர்ந்து ஏமியின் 'அன்கார்டட்' ஆல்பத்தைப் பொதுக் கடைகளுக்குக் கொண்டுபோனது. அதிலிருந்து 'ஃபைண்ட் அ வே' என்ற பாட்டு பில்போர்டு ஹாட் 100 என்ற அமெரிக்கப் பாட்டுத் தரவரிசையில் 29ஆம் இடம் வரை போனது.

இந்தப் பாட்டைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். தேவன் தம்முடைய குமாரனையும் தப்பவிடவில்லை என்கிற ரோமர் 8:32 அதில் அப்படியே வருகிறது. மறைத்துச் சொல்லவில்லை, பூசி மெழுகவில்லை. பாப் வானொலி கேட்கிற பையன்களும் பெண்களும் காரில் போகும்போது அதைக் கேட்டார்கள். ஆனால் சபைக்குள் என்ன பேச்சு? ஆல்பத்தின் அட்டையில் அவர் போட்டிருந்த சிறுத்தைப்புள்ளி ஜாக்கெட்டைப் பற்றி. அந்த வருட கிராமி மேடையில் வெறுங்காலோடு நின்று பாடியதைப் பற்றி. பாட்டைக் கேட்டவர்களைவிடச் சட்டையைப் பார்த்தவர்கள் அதிகம்.

1986இல் பாப் பாடகர் பீட்டர் செட்டெராவோடு அவர் பாடிய 'தி நெக்ஸ்ட் டைம் ஐ ஃபால்' முதலிடம் பிடித்தது. நல்ல பாட்டுத்தான், எனக்குப் பெரிதாக ஒட்டவில்லை. என்னை உலுக்கியது 1988இல் வந்த 'லீட் மீ ஆன்'. தலைப்புப் பாட்டிலேயே அடிமைகளின் வலியும் யூதர்களை ரயில் பெட்டியில் அடைத்துக் கொண்டுபோன கொடுமையும் வருகிறது. இன்னொரு பாட்டு, 'ஃபெய்த்லெஸ் ஹார்ட்'. கல்யாணமான ஒரு பெண், தன் மனம் வேறுபக்கம் சாய்வதைத் தானே பார்த்துப் பயந்து அதோடு மல்லுக்கட்டுகிறாள். அதுவரை எந்தக் கிறிஸ்தவ வானொலியில் இப்படி ஒரு விஷயத்தை ஒரு பெண் தன் வாயால் சொல்லிக் கேட்டிருப்பார்கள்? பின்னாளில் சமகாலக் கிறிஸ்தவ இசையின் சிறந்த நூறு ஆல்பங்கள் என்று சிசிஎம் என்ற கிறிஸ்தவ இசைப் பத்திரிகை ஒரு பட்டியல் போட்டபோது முதலிடத்தில் வைத்தது இதைத்தான். வந்த நேரத்தில் நிறையப் பேருக்கு இது சங்கடமாகத்தான் இருந்தது.

அப்புறம் 1991. 'ஹார்ட் இன் மோஷன்'. 'பேபி பேபி' இரண்டு வாரம் ஹாட் 100இன் உச்சியில் நின்றது. கீத் தாமஸின் மெட்டுக்கு ஏமி வரிகள் எழுதினார். எழுத வைத்தது ஆறு வாரக் கைக்குழந்தையான தன் மகளின் முகம். பெற்ற குழந்தையைப் பார்த்து ஒரு தாய் பூரித்துப்போய் எழுதிய பாட்டு. இதில் எங்கே உலகம் வந்தது? தாலாட்டு எந்தச் சபையில் பாவம்?

காணொளியைச் சொல்வார்கள். அதில் கணவரல்லாத ஒரு இளைஞரோடு சிரித்து ஆடுகிறார். சரி, எனக்கும் அந்தக் காணொளி பிடிக்காது. குழந்தைக்கு எழுதியதைக் காதல் பாட்டாகப் படம் பிடித்தது பாட்டுக்குச் செய்த குறை என்றுதான் நினைக்கிறேன். விற்பனைக்காகச் செய்தார்கள், விற்பனையும் ஆனது. ஆனால் அந்த நான்கு நிமிடத்தை வைத்து ஆல்பம் முழுவதையும் கிறிஸ்துவை மறுதலித்த கதையாக ஆக்கியது நேர்மையா?

ஏனென்றால் அதே ஆல்பத்தின் ஐந்தாவது பாட்டு 'ஆஸ்க் மீ'. சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளான ஒரு பெண்ணைப் பற்றியது. அந்த வீட்டில், அந்த அறையில் கடவுள் எங்கே இருந்தார் என்ற கேள்வியை நேருக்கு நேர் கேட்டு, கடைசியில் அந்தப் பெண்ணின் பிழைத்திருத்தலையே பதிலாகக் காட்டுகிற பாட்டு. 1991இல் எத்தனை பிரசங்க மேடைகள் இதைப் பேசத் துணிந்தன? 'பேபி பேபி'க்காக வாங்கிய 50 லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்களின் வீட்டுக்குள் இந்தப் பாட்டும் போய்ச் சேர்ந்தது. யாருடைய அறையில் எந்தப் பெண் அதைத் தனியாகக் கேட்டு அழுதிருப்பாள் என்று எண்ணிப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். இதை ஊழியம் என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது? கடைசிப் பாட்டான 'ஹோப் செட் ஹை'யில் இயேசுவின் பெயரே வருகிறது. அதையும் கேட்காமல்தான் பலர் தீர்ப்பு எழுதினார்கள்.

ஒரு பாட்டில் நிமிடத்துக்கு எத்தனை முறை இயேசு என்று வருகிறது என எண்ணுகிற பழக்கம் அந்த இசை உலகத்தில் உண்டு. தொண்ணூறுகளின் இறுதியில் சுவிசேஷ இசை என்றால் என்ன என்று விருதுக்காக எழுத்தில் வரையறையே வகுத்தார்கள். அவர்கள் தினமும் வாசிக்கிற வேதத்தில் எஸ்தர் என்றொரு புத்தகம் இருக்கிறது. பத்து அதிகாரத்திலும் தேவனுடைய பெயர் ஒருமுறைகூடக் கிடையாது. உன்னதப்பாட்டைத் திறந்தால் காதலனும் காதலியும். அந்த வரையறையை வைத்து இந்த இரண்டையும் அளந்தால் என்ன ஆகும்? வேதத்துக்குள் இடம் பிடித்த தாய்ப்பாசமும் காமமும் பயமும் கோபமும் ஒரு பாடகியின் ஆல்பத்துக்குள் மட்டும் ஏன் வரக்கூடாது?

பணத்துக்காகப் போனார் என்கிற குற்றச்சாட்டை இன்னும் தீவிரமாக எடுத்துக்கொள்ள வேண்டும். பணம் இருந்தது, மறுக்க முடியாது. ஆனால் யார் யாரை விற்றார்கள் என்று பாருங்கள். வேர்ட் நிறுவனமே எழுபதுகளிலிருந்து ஏபிசி என்ற பெரும் ஒலிபரப்பு நிறுவனத்தின் கையில் இருந்தது. 'ஹார்ட் இன் மோஷன்' வந்த மறுவருடம், 1992இல், கிறிஸ்தவ இசையின் இன்னொரு பெரிய நிறுவனமான ஸ்பாரோவை ஈஎம்ஐ என்ற பெரிய இசை நிறுவனம் வாங்கியது. விசுவாசிகள் கூட்டத்தில் எவ்வளவு பணம் புரள்கிறது என்பது அதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பிறகு ஆராதனைப் பாடல்களை மட்டுமே பாடியவர்களின் கேசட்டும் அதே உலக நிறுவனங்களின் கிடங்கிலிருந்துதான் வந்தது. முதலாளி மாறியபோது வராத பரிசுத்தக் கோபம், ஒரு பெண் மெட்டை மாற்றியபோது மட்டும் வந்தது.

இதே கதை கறுப்பின மக்களின் சபைகளில் இன்னும் முன்பே நடந்தது. சோல் ஸ்டிரர்ஸ் குழுவில் சுவிசேஷப் பாட்டு பாடிக்கொண்டிருந்த சாம் குக், 1956இல் முதல் பாப் பாட்டை டேல் குக் என்ற பெயரில் வெளியிட்டார், சபைக்காரர்களுக்குப் பயந்து. அந்தக் குரலை எந்தப் பெயரில் ஒளிப்பது? மறுவருடம் சொந்தப் பெயரில் பாடிய 'யூ செண்ட் மீ' முதலிடம் போனது. அரிதா ஃபிராங்க்ளின் டெட்ராய்ட்டில் புகழ்பெற்ற போதகரின் மகள். 1960இல் பதினெட்டு வயதில் கொலம்பியா நிறுவனத்தில் சேர்ந்து உலகப் பாட்டு பாடப் போனார். 1972 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு பாப்டிஸ்ட் ஆலயத்தில் இரண்டு இரவுகள் நின்று 'அமேசிங் கிரேஸ்' ஆல்பத்தைப் பதிவு செய்தபோது, அவருடைய அப்பா எழுந்து, என் மகள் சபையை விட்டு ஒருபோதும் போகவில்லை என்ற பொருளில் பேசினார். அது அந்த ஆல்பத்திலேயே பதிவாகியிருக்கிறது. அரிதாவின் ஆல்பங்களில் மிக அதிகம் விற்றதும் அதுதான். ஏமிக்காக அப்படி எழுந்து பேச அன்றைக்கு வெள்ளைச் சபைகளில் பெரிய மனிதர்கள் யாரும் முன்வந்ததாகத் தெரியவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

1999இல் அவருக்கும் கேரி சாப்மனுக்கும் விவாகரத்து ஆனது. ஏமியின் 'மை ஃபாதர்ஸ் ஐஸ்' பாட்டை எழுதிக்கொடுத்தவர் கேரி, 1982இல் மணந்துகொண்டார்கள். 2000 மார்ச்சில் ஏமி 'கன்ட்ரி' இசைக் கலைஞர் வின்ஸ் கில்லை மணந்தார். சில கிறிஸ்தவ வானொலிகள் அவருடைய பாட்டை நிறுத்தின. பழைய பாட்டுகளையும் சேர்த்து. விவாகரத்தை லேசாக எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. குழந்தைகள் இருந்த வீடு அது, வலி எல்லோருக்கும்தான். ஆனால் 1988லேயே அந்தப் பெண் தன் மனப்போராட்டத்தைப் பாட்டாக எழுதி எல்லோர் முன்னாலும் வைத்திருந்தாள். அதைக் கேட்டு ஆல்பம் வாங்கியவர்கள், உள்ளே இருந்த மனுஷியைப் பார்க்கவில்லை. பதினாறு வயதிலிருந்து அவளை ஒரு மாதிரிப் பெண்ணாக நிறுத்தி, அட்டையில் படம் போட்டு விற்றுவிட்டு, மாதிரி உடைந்ததும் அலமாரியை விட்டு எடுத்தார்கள். இவ்வளவுக்கும் பிறகு 2002இல் அவர் வெளியிட்டது என்ன? பழைய ஞானப்பாட்டுகளின் ஆல்பம். யாரையும் திட்டிப் பாடவில்லை, விசுவாசத்தைத் தூக்கிப் போடவும் இல்லை.

எங்கள் சபையில் கிட்டார் வாசித்த ஒரு அண்ணன் இருந்தார். கல்யாண வீடுகளில் மெல்லிசைக் குழுவோடு போய் வாசித்ததற்காக அவரைப் பாடகர் குழுவிலிருந்து நிறுத்தினார்கள். சாட்சி கெட்டுப்போச்சாம். வீட்டுக்கு அரிசி வாங்கிய காசு அந்தக் கல்யாண வீட்டிலிருந்துதான் வந்தது. அவரை நிறுத்திய அதே ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பாடியது தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனை. அந்த ராகமும் தாளமும் சபைக்கு வெளியிலிருந்து வந்தவை என்பது அங்கே யாருக்கும் உறைக்கவில்லை. ஏமி கிராண்டைப் பற்றி எனக்கு இவ்வளவு கோபம் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

2018இல் கிறிஸ்தவப் பாடகி லாரன் டெய்கிளின் 'யூ சே' பாப் வானொலிகளுக்கும் போனது. கிறிஸ்தவப் பாடல்களின் பட்டியலில் 132 வாரம் முதலிடத்தில் இருந்த பாட்டு. அந்த வருடமே ஒரு வானொலிப் பேட்டியில் ஓரினச்சேர்க்கை பாவமா என்று கேட்டார்கள். தன்னால் உறுதியாகச் சொல்ல முடியாது, தான் கடவுள் இல்லை என்பது போலப் பதில் சொன்னார். உடனே பழைய கற்கள் எல்லாம் மறுபடி பறந்தன. அந்தப் பெண்ணின் இடத்தில் வேறு யார் இருந்தாலும் அந்தக் கேள்வி ஒரு பொறிதான். 2022 டிசம்பரில் அமெரிக்காவில் கலைஞர்களுக்குத் தரும் கென்னடி மையத்தின் கௌரவம் ஏமிக்குக் கிடைத்தது. சமகாலக் கிறிஸ்தவ இசையிலிருந்து அதைப் பெற்ற முதல் ஆள் அவர்தான். அதே நாட்களில் உறவுக்காரப் பெண்ணின் ஒருபாலினத் திருமணத்தைத் தன் பண்ணையில் நடத்த இடம் கொடுத்ததற்காக அவரைக் கண்டித்தும் எழுதினார்கள். அறுபது வயதைத் தாண்டியும் அவருக்கு விடுதலை இல்லை.

இப்போது நிலைமை மாறிவிட்டது என்கிறார்கள். 2025இல் கிறிஸ்தவப் பாடகர்களான பிராண்டன் லேக்கும் ஃபாரஸ்ட் ஃபிராங்க்கும் ஹாட் 100 பட்டியலுக்குள் வந்தார்கள். மகிழ்ச்சிதான், இரண்டு பாட்டையும் விரும்பிக் கேட்கிறேன். ஆனால் இரண்டுமே துதியும் ஜெபமும் வெளிப்படையாக உள்ள பாட்டுகள். அப்படிப்பட்ட பாட்டோடு வெளியே போனால் சபை கைதட்டி அனுப்புகிறது. ஏமி கேட்ட இடம் வேறு. கைக்குழந்தையைப் பற்றியும், ஆட்டம் காணும் கல்யாணத்தைப் பற்றியும், தன் வீட்டிலேயே சிதைக்கப்பட்ட ஒரு பெண்ணைப் பற்றியும் ஒரு விசுவாசி விசுவாசியாகவே இருந்துகொண்டு எல்லோருக்கும் பாடுகிற இடம். அந்த இடத்தை அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்கு இன்னும் யாரும் கொடுக்கவில்லை. இனி அவரைப் பின்மாற்றக்காரி என்று சொல்ல நினைப்பவர்கள் முதலில் 'ஆஸ்க் மீ'யை ஒருமுறை முழுதாகக் கேளுங்கள், அப்புறம் பேசலாம்.