வாயு என்று ஒரு சொல்

எங்கள் வீட்டில் வயிற்றுக்கு வரும் எந்த வருத்தத்துக்கும் ஒரே பெயர்தான்: வாயு. உழுந்து சாப்பிட்டால் வாயு, பட்டினி கிடந்தால் வாயு, கவலைப்பட்டால் அதுவும் வாயு. கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் பெரியம்மா ஐந்து மாதங்கள் இந்தச் சொல்லை நம்பியிருந்தார். வேர்க்கொம்பு அவித்துக் குடித்தார், உள்ளியைச் சுட்டுத் தின்றார். பக்கத்து டிஸ்பென்சரியில் காஸ்ட்ரைட்டிஸ் என்று குளிசை கொடுத்தார்கள், அதையும் விழுங்கினார்.

உண்மையை முதலில் சொன்னது பாவாடை நாடா. ஒரு கல்யாணத்துக்குச் சேலை உடுத்திவிடப் போயிருந்தேன். வழக்கமாக முடிச்சு விழும் இடத்தில் நாடா கறுத்து நைந்திருந்தது. அன்று முடிச்சுப் போட்டது அதற்கு நான்கு விரல் தள்ளி, நுனியில். கையில் இருந்த காப்போ முழங்கை வரை வழுக்கி ஏறியது. கை மெலிய வயிறு மட்டும் எப்படிப் பெருக்கும்? "வயது போனால் வயிறு வைக்கும்தானே" என்று அவரே சிரித்தார். பந்தியில் நான்கு வாய் சோற்றோடு போதும் என்றார். மண்டபத்தில் மூன்று முறை கழிவறைக்குப் போனார். சீனி வருத்தமாக இருக்கும் என்று பக்கத்தில் இருந்தவர் தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

ஸ்கான் எடுத்தபோது சூலகத்தில் கட்டி, வயிறு முழுக்க நீர்.

சூலகப் புற்றுநோய் சத்தமில்லாமல் வரும் என்று சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அது பேசத்தான் செய்கிறது, அன்றாட வயிற்றுக் கோளாறின் குரலில் பேசுகிறது. வயிறு ஊதிக்கொண்டே இருப்பது, கொஞ்சம் சாப்பிட்டதும் நிரம்பிவிடுவது, அடிவயிற்றிலோ இடுப்பிலோ வலி, அடிக்கடி அவசரமாகச் சலம் வருவது. இதில் எது நமக்கு வராதது? அதனால் எது வருகிறது என்பதைவிட எத்தனை நாள் வருகிறது என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் அது புற்றுநோயாக இராது. ஆனால் முன்பு இல்லாத ஒன்று, ஓராண்டுக்குள் தொடங்கி, மாதத்தில் 12 நாட்களுக்கு மேல் வந்தால் வைத்தியரிடம் போக வேண்டும். எல்லோர் வீட்டுச் சமையலறையிலும் கலண்டர் தொங்குகிறது. பிரதோஷத்துக்கும் காஸ் சிலிண்டர் மாற்றிய நாளுக்கும் அடையாளம் போடுகிறோம், இதற்கும் ஒரு புள்ளி போடலாம். வைத்தியர் முன்னால் "கொஞ்ச நாளாக" என்று இழுப்பதைவிட அந்தத் தாளைக் காட்டுவது மேல். மாதவிடாய் நின்றபின் இரத்தம் கண்டால் புள்ளி எண்ணிக்கொண்டிருக்காமல் உடனே போக வேண்டும்.

50 வயதுக்குப் பிறகு முதன்முறையாகக் குடல் எரிச்சல் (ஐபிஎஸ்) என்று ஒரு பெண்ணுக்குச் சொல்லப்பட்டால், சூலகத்தையும் பார்க்கச் சொல்கிறது பிரித்தானியாவின் 2011ஆம் ஆண்டு வழிகாட்டல். அந்த வயதில் குடல் எரிச்சல் புதிதாகத் தொடங்குவது அரிது.

படித்த தோழிகளே தவறாக நினைத்திருக்கும் ஒன்று உண்டு. "சுகவனிதையர் கிளினிக்கில் பாப் சோதனை செய்தேன், எல்லாம் சரி" என்கிறார்கள். நல்லது, செய்யத்தான் வேண்டும். ஆனால் அது கருப்பைக் கழுத்துக்கான சோதனை, சூலகத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. அப்படியானால் ஆண்டுதோறும் எல்லோரும் சிஏ 125 (இந்தப் புற்றுநோயில் இரத்தத்தில் கூடக்கூடிய ஒரு புரதம்) இரத்தப் பரிசோதனை செய்யலாமே என்றால், அதையும் பிரித்தானியாவில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் செய்து பார்த்துவிட்டார்கள். மரணங்கள் குறையவில்லை என்று 2021இல் அறிவித்தார்கள். அறிகுறி உள்ளவருக்கு அந்தச் சோதனையும் ஸ்கானும் உதவும். ஆனால் ஆரம்ப நிலையில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு சிஏ 125 உயர்வதே இல்லை. ரிப்போர்ட் நன்றாக இருந்தும் வயிறு அடங்கவில்லையென்றால் திரும்பவும் போங்கள். வைத்தியர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

பெரியம்மாவுக்கு அறுவைச் சிகிச்சையும் கீமோவும் மஹரகம அபேக்ஷா வைத்தியசாலையில் நடந்தன. 138 பஸ்ஸில் எத்தனை தடவை போனோம் என்று எண்ணவில்லை. அங்கே ஒரு வைத்தியர், குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா என்று கேட்டார். ஒருவரை ஒருவர் பார்த்தோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. இரவு டொரொண்டோவில் இருக்கும் சித்தி தொலைபேசியில் மெல்லச் சொன்னார்: "அம்மம்மா மகோதரம் வந்துதானே செத்தவர்."

மகோதரம். வயிறு நீர் கோத்துப் பெருத்த எல்லோருக்கும் அன்று அந்தப் பெயர்தான். அது ஈரலா, இதயமா, சூலகமா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஆனால் வருத்தத்தின் பெயரை மறைப்பது இன்றும் தொடர்கிறது. பெரியம்மாவுக்கு "வயிற்றில் ஒரு சின்னக் கட்டி" என்றுதான் ஊருக்குச் சொன்னார்கள். பெண் பிள்ளைகளுக்குக் கல்யாணம் பேசும் நேரமாம். அந்தப் பிள்ளைகளுக்குத்தான் முதலில் தெரிய வேண்டும் என்று நான் சண்டை பிடித்தேன். பிஆர்சிஏ 1 மரபணுவில் கோளாறு உள்ள பெண்கள் நூறு பேரில் சுமார் 40 பேருக்கு வாழ்நாளில் இந்த நோய் வரக்கூடும். மற்றவர்களில் ஒருவர் அல்லது இருவருக்குத்தான். அந்தக் கோளாறு தகப்பன் வழியிலும் வரும். யாரும் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை.

இப்போது ஒரு கொப்பித் தாளில் இரு பக்கத்துப் பெண்களின் பெயர்களையும் எழுதி வைத்திருக்கிறேன்: யார், எந்த வயதில், என்ன வருத்தம். அப்பா பக்கத்தில் இரண்டு பெயர்களுக்கு நேரே இன்னும் கேள்விக்குறிதான். ஞாயிற்றுக்கிழமை வத்தளை மாமியிடம் போகிறேன்.